மிதியா

பெட்டி சுழியம் காட்டியது. வஞ்சிக்கொடி அதன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். மறுபடியும் சுழியம்தான். முகாமில் அவள் எதிரே உட்கார்ந்து தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்த பொறியாளர் பெஞ்சமின், “தட்டினா மாறிடுமா மேடம்? எங்க வீட்டுப் பழைய ரேடியோவா இது?” என்று சிரித்தார்.

மாறாது என்று அவளுக்கும் தெரியும். மோப்பக்குழல் பொய் சொல்லாது என்று நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்ன தொல்லியலாளரே அவள்தான். மனிதன் ஓர் இடத்தில் சமைத்தால், படுத்தால், செத்தால், சும்மா நடந்து போனால்கூட அவனுடைய உப்பும் சாம்பலும் உடம்பின் துணுக்கும் மண்ணில் இறங்கிவிடுகின்றன. எத்தனை நூற்றாண்டு ஆனாலும் முழுசாகப் போவதில்லை. விரல் தடிமனில் ஒரு குழலை இறக்கி, மண்ணை உருவியெடுத்து, இந்தப் பெட்டிக்குள் வைத்தால் போதும். அங்கே எவ்வளவு மனித நடமாட்டம் இருந்தது என்பதைச் சுழியத்திலிருந்து நூறு வரைக்கும் ஒரே எண்ணாகச் சொல்லிவிடும்.

அந்த எண் வந்த பிறகு மலைகளின் தலையெழுத்தே மாறியது. அதற்கு முன்னால் “உங்க சாமி இங்கதான் இருக்குன்னு ஏதாவது ஆவணம் இருக்கா?” என்று கேட்பார்கள். மலைக்காரர்கள் ஆவணத்துக்கு எங்கே போவார்கள்? திருதிருவென்று விழிப்பார்கள், மறுவாரம் பொக்லைன் வந்து நிற்கும். மண்சாட்சிச் சட்டம் வந்தபின் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முப்பதுக்கு மேல் காட்டும் மண்ணில் எவனும் கடப்பாரை வைக்க முடியாது. வஞ்சிக்கொடியின் குழலால் எத்தனையோ மலைகளில் நடுகற்களும் ஈமக்காடுகளும் தப்பித்துக் கிடக்கின்றன. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை.

“முப்பதுக்குக் கீழ இருந்தா எங்களுக்கு. அப்படித்தானே மேடம்?” என்றார் பெஞ்சமின்.

“அப்படித்தான்.”

“நீங்க வேண்டாம்னு சொன்ன இடத்துலெல்லாம் நான் வாயத் திறக்காம நகர்ந்து போயிருக்கேன். இந்த ஒரு சரிவையாவது குடுங்க. இங்க ஒரு கசிவுநீர்க் குட்டை வெட்டிட்டா உடும்பாறு மறுபடி ஓடும். கீழ ஜனங்க லாரித் தண்ணிக்குக் குடத்த வெச்சுக்கிட்டு அடிச்சுக்கறாங்க. பாக்கச் சகிக்கல.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இரண்டு மேட்டுக்கு நடுவே உள்ளங்கை போலக் குழிந்து கிடந்த அந்தச் சரிவைத் தண்ணீருக்காகவே செய்து வைத்த மாதிரி இருந்தது. பெஞ்சமின் நல்ல மனுஷர். கெட்டவர் என்று யாராவது ஒருவர் இருந்திருந்தால் இந்தக் கதை எவ்வளவோ சுலபமாகப் போயிருக்கும்.

ஆனால் அந்தச் சுழியம் அவளை உறுத்தியது. ஆள் நுழையாத அடர்காட்டில்கூடத் தேன் எடுக்கப் போனவன், ஆடு தேடிப் போனவன் என்று யாராவது கால் வைத்திருப்பான், மூன்றோ நான்கோ காட்டும். இங்கேயோ கூப்பிடு தூரத்தில் மேல்கோம்பை என்ற ஊர் இருக்கிறது. கோம்பையர்கள் காலம்காலமாக அங்கே வாழ்கிறார்கள். அப்படியிருக்க, இந்தச் சரிவுக்குள் ஒருவர்கூட, ஒரு குழந்தைகூட, வழி தவறிக்கூட வந்ததில்லையா? அவள்கூட வந்ததில்லை. ட்ரோன்தான் மேலிருந்து குழலை இறக்கி மண் எடுத்து வந்தது.

ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடலாம் என்று ஜடையனின் ஜீப்பில் ஏறினாள். ஜடையன் மேல்கோம்பைக்காரர், ஊராட்சி உறுப்பினர், முகாமுக்கு ஜீப் ஓட்டுகிறவரும் அவரே. வாய் ஓயாத மனிதர். அன்றும் வழியெல்லாம் பஞ்சாயத்துத் தலைவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

வீடு போய்ச் சேர்ந்ததும் அவர் மனைவி மாதி கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். வாசலில் நின்ற பலா மரத்தில் ஒரே கூச்சல். பேச்சைத் தொடங்க வேண்டுமே என்று வஞ்சிக்கொடி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “அடேயப்பா, ஊர்ல இருக்கிற மைனாவெல்லாம் இங்கதான் மாநாடு போடுதா?”

மாதியின் கை அப்படியே நின்றது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்து வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரியாமல் வஞ்சிக்கொடி திகைத்தாள்.

“மஞ்சமூக்குன்னு சொல்லுங்க மேடம்,” என்றார் ஜடையன். அவர் குரல் இறங்கியிருந்தது. “அந்த வார்த்தய நாங்க வெச்சுட்டு வந்துட்டமுங்க.”

“வெச்சுட்டா? எங்க?”

அவர் முகவாயால் சரிவைக் காட்டினார். “மிதியால.”

அப்போதுதான் அந்த இடத்துக்குப் பெயர் இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. வரைபடத்தில் அது வெறும் எண்.

“எங்காளுங்க செத்தா ஒடம்பப் பொதைக்கற எடம் வேறங்க. பேர வெக்கற எடம் அது. விளிம்புல நின்னு, கடைசியா ஒருக்காக் கூப்புட்டு, அங்கயே விட்டுட்டு வந்தரோணும். அப்பறம் அந்தப் பேர யாரும் சொல்றதில்லீங்க. அதே பேருல பூவு, குருவி, எது இருந்தாலும் அதுக்கும் வேற பேருதான்.”

“உள்ள போகவே மாட்டீங்களா?”

“பேரு மேல யாராச்சும் கால வெப்பாங்களா?” அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “விளிம்புக்குப் போறதுமே ஒருக்காப் போன வழில மறுக்காப் போவ மாட்டமுங்க. தடம் விழுந்துருமில்ல? தடம் விழுந்தா அதப் புடிச்சுட்டுப் பேரு ஊட்டுக்கு வந்துரும். ஆளு வராது, பேரு மட்டும் வரும். அத யாரு தாங்கறது?”

உள்ளே மாதி பாத்திரங்களைத் தேவையில்லாமல் உருட்டும் சத்தம் கேட்டது.

“எம்புள்ள பேருங்க அது,” என்றார் ஜடையன், அவள் கேட்காமலே. “காச்சலு. கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள… நாந்தான் ஜீப்ப ஓட்டுனன்.”

பிறகு அவளே சொன்னாள்: “அங்க குட்டை வெட்டப் போறாங்க ஜடையன்.”

“தெரியுமுங்க. எனக்கும் தண்ணி வேணுந்தான், என்னமோ மலைக்காரன் தண்ணி குடிக்காதவனாட்ட நெனச்சராதீங்க. வேற எந்தச் சரிவ வேணும்னாலும் வெட்டட்டும். அந்த எடத்த விட்டரச் சொல்லுங்க. மண்ணு பேசும்னு நீங்கதான சொன்னீங்க? மண்ணு என்ன சொல்லுச்சு?”

“ஒண்ணுமே சொல்லல.”

“சொல்லாது. அது பேசாம கெடக்கறதுக்குத்தான நாங்க இத்தன காலமும் சுத்திச் சுத்தி நடந்தம்.”

வஞ்சிக்கொடி முகாமுக்குத் திரும்பியதும் தொல்லியல் துறை இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா வாய்ச்சொல் செல்லாது, மண் மட்டும்தான் சாட்சின்னு சட்டத்துல போட வெச்சது யாரு?” என்றார்.

அவள்தான். காசு வாங்கிக்கொண்டு பொய்ச்சாட்சி சொல்ல ஆள் பிடிப்பார்கள் என்று பயந்து, அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி அன்றைக்கு மன்றாடியவளே அவள்தான். தன் வாயாலேயே தன் வாயை அடைத்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. பெட்டியில் ஒரே ஒரு தடவை மறுபடி அளந்து பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

எதிர் மலையில் ஒரு பாறைக் குகை உண்டு. வெள்ளைச் சுண்ணத்தில் மானும் மனிதர்களும் வரைந்த பழைய குகை. அங்கே எடுத்த மண் குழல்கள் அவளுடைய சாமான்களில் மிச்சம் இருந்தன. பெஞ்சமின் கீழே லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டப் போயிருந்த ஒரு மத்தியானம், அவள் மிதியாவின் மண்ணைக் கொட்டிவிட்டு அந்தக் குழல்களில் குகை மண்ணை நிரப்பினாள். வாழ்க்கையில் ஒரு பானையோட்டைக்கூட இடம் மாற்றி வைக்காதவள்.

முப்பத்தைந்து வந்தால் போதும். நாற்பது வந்தால் தாராளம். ஆனால் பயம் சும்மா விடுமா? இது போதாதோ என்று ஒரு பிடி. குகையின் வெளி மண்ணை விட அடுப்புச் சாம்பல் படிந்த மண் நன்றாகப் பேசுமே என்று இன்னொரு பிடி. இதைவிடச் சுத்தமான மாதிரி அந்தக் குழலில் இருக்கிறதே என்று அதிலிருந்து ஒரு பிடி. உப்புப் போட்டோமா என்ற சந்தேகத்தில் மூன்று தடவை உப்புப் போடுகிறவர்கள் உண்டே, அந்தக் கதைதான். அதோடு அவள் தொல்லியல்காரி வேறு. பொய்க்காகக்கூட மட்டமான மண்ணை எடுக்க அவள் கைக்கு வரவில்லை, இருப்பதிலேயே உயர்ந்ததைத்தான் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தது.

பெட்டி தொண்ணூற்று நான்கு காட்டியது.

அப்படி ஓர் எண்ணை அதுவரை யாரும் எங்கேயும் பார்த்ததில்லை. பெஞ்சமின் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “முன்ன எடுத்ததுல தப்பு நடந்திருக்கும்போல. பரவால்ல மேடம், உங்களுக்குக் கிடைச்சதே,” என்று சொல்லிவிட்டு, பாவம், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவளுக்கு மனசு நிறைந்து போனது. தப்பித்தது, தப்பித்தது என்று முகாமுக்குள் தனியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இயக்குநரின் அழைப்பு வரும் வரைக்கும்தான் இருந்தது.

“வஞ்சி! என்னம்மா இது! தென்னாட்டு வரலாற்றையே புரட்டிப் போடப் போற! ஆட்கள அனுப்பறேன், சாமான் அனுப்பறேன், மழைக்கு முன்னாடி தோண்டியாகணும்.”

“தோண்டறதா? சார், இது பாதுகாக்கப்பட்ட இடம்…”

“எண்பதுக்கு மேல போனா கட்டாய அகழாய்வு. மறந்துட்டியா? வெள்ளம் அடிச்சிட்டுப் போறதுக்குள்ள எடுத்துக் காப்பாத்தணும்னு கடைசியா ஒரு பிரிவு சேர்த்தாங்களே?”

சேர்த்தார்கள்தான். எந்த மண்ணும் அவ்வளவு உயரம் போனதில்லை என்பதால் அந்தப் பிரிவை யாரும் பயன்படுத்தியதில்லை, அவளும் மறந்தே போயிருந்தாள்.

அவள் ஜடையனைத் தேடிப் போனாள். அவர் ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வரச் சொல்லி, ஒன்று விடாமல் சொன்னாள். குகை மண்ணை, சாம்பலை, எண்ணை, எல்லாவற்றையும். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நான் செஞ்சத ஒத்துக்கிட்டா?” என்று அவளே கேள்வியும் போட்டு அவளே பதிலும் சொன்னாள். “மறுபடி சுழியம். குட்டை வெட்டிடுவாங்க. அது மட்டும் இல்ல. நான் சொன்ன மண்ணெல்லாம் பொய்யின்னு எல்லா மலையிலயும் வழக்குப் போடுவாங்க. நான் இதுவரைக்கும் காப்பாத்தின அத்தனை இடமும் திரும்ப நீதிமன்றத்துக்குப் போகும்.”

“போனா நிக்குமுங்களா?”

“நிக்காது.”

“அப்ப சொன்னாக் குட்டை. சொல்லாட்டிக் குழி. அவ்வளவுதானுங்களே?”

அவளால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது. “நீங்க சொல்லுங்க ஜடையன். நீங்க சொல்றபடி செய்யறேன்.”

“நல்லாக் கேக்கறீங்க!” என்று கத்தினார் அவர். கையில் இருந்த ஸ்பேனர் எங்கோ போய் விழுந்தது. “எம்புள்ளைக்காக ஊரூரா அவங்கவங்க செத்தவங்க மேல மண்வெட்டியப் போடச் சொல்லி நான் சொல்லோணுமா? அந்தப் பாவத்தையும் என்ற தலையிலயே கட்டறீங்களா? எதுக்கு எங்கிட்ட வந்தீங்க? பேசாம செஞ்சதப் பேசாமலே வெச்சிருந்திருக்கலாமில்ல?”

அதன்பின் அவர் மறுபடியும் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் முகாமுக்கு நடந்தே திரும்பினாள். அவர் பதில் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆட்கள் வந்தார்கள், கயிறு வந்தது, கூடாரம் வந்தது. கண்டுபிடித்தவர்தான் முதலில் இறங்க வேண்டும் என்று இயக்குநர் மரியாதை வேறு செய்தார். வஞ்சிக்கொடி விளிம்பில் நின்று செருப்பைக் கழற்றினாள். அது எந்தப் பிராயச்சித்தமும் இல்லை என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் கழற்றினாள். பிறகு இறங்கினாள். ஈர மண்ணில் ஐந்து விரலும் பளிச்சென்று பதிந்தன. அதைப் பார்க்க முடியாமல் அவள் வேகமாக நடந்தாள்.

மனிதக் கை படாத மண்ணைத் தொல்லியல்காரர்கள் கன்னி மண் என்பார்கள். குழியில் கன்னி மண் வந்துவிட்டால் வேலை முடிந்தது, மேலே ஏறி வந்துவிடலாம். இங்கே முதல் மண்வெட்டியிலேயே கன்னி மண் வந்தது. ஒரு கரித்துண்டு இல்லை, ஒரு பானை ஓடு இல்லை. தோண்டத் தோண்டச் சிவந்த, சுத்தமான மண். வஞ்சிக்கொடி படத்தை எடுத்து இயக்குநருக்கு அனுப்பி, “இங்கே எதுவும் இல்லை, நிறுத்திவிடலாம்,” என்று கெஞ்சினாள்.

“எண் பொய் சொல்லுமா?” என்றார் அவர். “நீயே நீதிமன்றத்துல சொன்ன வார்த்தைதானே? எந்தக் காலத்துலயோ நிலச்சரிவுல புதைஞ்சிருக்கும். ஆழமாப் போ. கிடைக்கலன்னா பக்கத்துல இன்னொரு குழி போடு.”

பக்கத்தில் ஒரு குழி போட்டார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பெட்டியை யாரும் சந்தேகப்படவில்லை. தோண்டுகிறவர்களைத்தான் சந்தேகப்பட்டார்கள். அந்த அளவுக்கு அவள் சாட்சியம் உறுதியாக இருந்திருக்கிறது. உள்ளங்கை போல இருந்த சரிவு சல்லடைக் கண்ணாகிப் போனது, ஊரில் தங்க வைத்த ஆட்கள் அங்கிருந்தும் மற்றவர்கள் முகாமிலிருந்தும் சரிவுக்கு நடந்து நடந்து நல்ல தடமும் விழுந்துவிட்டது. அகலமான, நேரான தடம். வஞ்சிக்கொடி தினமும் அதில்தான் நடந்தாள்.

மழை சீக்கிரமே வந்துவிட்டது. கொட்டித் தீர்த்ததில் குழிகள் கரை சரிந்து ஒன்றோடொன்று சேர்ந்து, தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. மழை வெறித்த மறுநாள் பெஞ்சமின் குடையோடு வந்து விளிம்பில் நின்றார். அளவுகோலை இறக்கிப் பார்த்தவருக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

“என்ன மேடம் இது… நாங்க வெட்டியிருந்தாக்கூட இவ்வளவு ஆழம் போயிருக்க மாட்டோம்.” சந்தோஷப்படவும் கூச்சமாக இருந்தது அவருக்கு. “கீழ ஆத்துல மணல் நனைஞ்சிருக்காம், போன் வந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, இதுல தண்ணி நிக்கட்டுமே? எப்படியும் உங்களுக்கு ஒண்ணும் கிடைக்கலயே.”

அவள் குட்டை, குழி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டுமே வந்துவிட்டன. பெஞ்சமின் தயங்கித் தயங்கி நின்றுவிட்டு, தன் அளவுகோலை மடித்துக்கொண்டு போனார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ஜடையன் வந்தார். ஜீப்புக்கு அடியில் பார்த்ததற்குப் பிறகு அவர் அவள் முகத்தில் விழிக்கவே இல்லை, ஜீப்பையும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தார். ஊரிலிருந்து விழுந்திருந்த அந்த நேரான தடத்திலேயே, காலில் செருப்போடு, கையை வீசிக்கொண்டு நடந்து வந்தார். விளிம்பில் நிற்கவில்லை. உள்ளே இறங்கி, குவித்துப் போட்டிருந்த மண்மேட்டின் மீது உட்கார்ந்துகொண்டார். அவரை எழுந்திரு என்று சொல்ல வஞ்சிக்கொடிக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கிட்டே போய் நின்றாள்.

“மன்னிச்சிடுங்கன்னு சொல்லக்கூட எனக்கு வாய் வரல,” என்றாள்.

“சொல்லாதீங்க. சொன்னா நானும் பதிலுக்கு என்னமாச்சும் சொல்லோணும்.” அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வாயாடித்தனம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. “மாதிய ஒரு நட வந்து பாருங்க மேடம். காலைல இருந்து வாசல்ல நின்னு கூப்புட்டுட்டே இருக்கறா. கஞ்சி குடிக்கக் கூப்புடறா, தலை பின்னக் கூப்புடறா. நிறுத்துடின்னா நிறுத்த மாட்டீங்கறா. பக்கத்தூட்லயும் அப்படித்தான், அவங்கப்பாரு பேரச் சொல்லிச் சொல்லி அந்தப் பையன் ஒக்காந்துட்டிருக்கறான். ஊரு பூராவும் கூப்புடற சத்தமுங்க.”

வஞ்சிக்கொடி காதைக் கொடுத்துக் கேட்டாள். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காற்று திரும்பும்போதெல்லாம், பல குரல்கள் விட்டுவிட்டுக் கேட்டன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயர்.

தண்ணீருக்கு அந்தக் கரையில், சரிந்து கிடந்த கயிற்றின் மேல் ஒரு பறவை வந்து உட்கார்ந்து இறக்கையைக் கோதியது. மஞ்சள் மூக்கு, கண்ணோரத்திலும் மஞ்சள். ஜடையன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, ரொம்ப சாதாரணமாக, வழிப்போக்கருக்கு வழி காட்டுகிறவரைப் போலச் சொன்னார்:

“மைனா.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் இன்னொரு தடவை சொன்னார், இந்தத் தடவை உரக்க, ஊர்ப்பக்கம் திரும்பி. அந்தப் பறவை பறந்து போனது.

“வந்துருச்சுங்க,” என்றார் ஜடையன். “தடம் நல்லா நேரா இருக்குதில்ல, சிரமமில்லாம வந்துருச்சு. பேரு மட்டுந்தானுங்க வந்திருக்குது.”